வசனம் எங்கே போனது?

கேள்வி: ஒரு படக் கோப்பை ஹெட்போனில் கேட்டால் இசை முழங்குகிறது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. 'டிராக்கை மாற்று' என்கிறார் ஒரு நண்பர், 'சேனல் பிரச்சினை' என்கிறார் இன்னொருவர். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. ஆனால் நண்பர்கள் இருவர் சொன்னதும் சரி.

எம்.கே.வி, எம்.பி.4 போன்ற வீடியோ கோப்பு வகைகள் எல்லாம் வெறும் பெட்டிகள்; உள்ளே இருப்பவைதான் டிராக்குகள். படம் ஒரு டிராக், ஒவ்வொரு மொழியின் ஒலியும் தனித்தனி டிராக், சப்டைட்டில் வேறு. பிளேயர் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு ஒலி டிராக்கைத்தான் ஒலிக்கும். சேனல்களோ ஒரே டிராக்குக்குள் இருந்துகொண்டு சேர்ந்தே ஒலிப்பவை. ஸ்டீரியோவில் 2. 5.1 எனப்படும் சரவுண்ட் ஒலியில் 6: முன் இடது, முன் வலது, நடு, அடித்தொனிக்கான எல்.எஃப்.இ, பின்னால் இரண்டு.

வசனத்தைப் பெரும்பாலும் நடு சேனலில்தான் வைப்பார்கள். ஆறு சேனல்களை இரண்டாக்கும்போது நடுவை 3 டெசிபல் குறைத்து இரு பக்கமும் கலப்பது வழக்கம். அப்படிக் கலக்காமல் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் வசனத்தின் எதிரொலிதான் மிஞ்சும். நீங்கள் சொல்லும் கிணறு அநேகமாக இதுதான்.

சேனல்களின் வரிசையும் முக்கியம். வேவ் (.wav) ஒலிக் கோப்பில் நடு மூன்றாவது. சினிமா ஒலிக்கலவையில் இடது, நடு, வலது என்று வைப்பதுண்டு. அந்த வரிசையில் வந்த ஆறு மோனோ (ஒற்றைச் சேனல்) கோப்புகளை வேவ் வரிசை என்று நினைத்து ஒருமுறை இணைத்துவிட்டேன். வசனம் முழுக்க வலது ஸ்பீக்கரில்! ஒரு பகல் முழுக்க ஒயர்களைக் கழற்றி மாட்டிப் பார்த்த பிறகுதான் தவறு புரிந்தது. அப்புறம் எண்களை விட்டுவிட்டேன். கோப்பின் பெயரிலேயே 'நடு', 'இடது' என்று எழுதுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சரி, இப்போது உங்கள் கோப்பு. வி.எல்.சி பிளேயரில் மீடியா தகவலைத் திறந்து, கோடெக் பகுதியில் ஒவ்வொரு ஒலி டிராக்குக்கும் எத்தனை சேனல் என்று பாருங்கள். '3எஃப்2ஆர்/எல்.எஃப்.இ' என்றிருந்தால் முன்னே 3, பின்னே 2, கூட எல்.எஃப்.இ; அதாவது 5.1. அதே மொழியில் ஸ்டீரியோ டிராக் இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் சேனல் எண்ணிக்கையை 2 என்று கொடுத்து மாற்றுங்கள். அது நடு சேனலையும் கலந்து தரும், எல்.எஃப்.இ-யை விட்டுவிடும். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். இரண்டாகக் கலந்ததிலிருந்து பழைய ஆறையும் அப்படியே திரும்பப் பிரித்தெடுக்க முடியாது.