நாலு மணிக்கு வர்க்கி கேட்கும் வயிறு: வாசகர் கேள்வி-பதில்

மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டாலும் நாலு மணிக்கு டீயும் வர்க்கியும் (நம் மலை பேக்கரிகளின் மொறுமொறு பிஸ்கட்) இல்லாமல் இருக்க முடியவில்லை. ஏதாவது கோளாறா? (குன்னூர்)

கோளாறு இல்லை. உங்கள் வயிறு மணி பார்க்கப் பழகிவிட்டது. வெறும் வயிற்றில் கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து, ரத்தம் வழியாக மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைபோதலாமஸ் என்ற பகுதிக்குப் போய்ப் பசியை எழுப்புகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999இல் கண்டுபிடித்தது இது. வழக்கமாகச் சாப்பிடும் நேரம் நெருங்கும்போதே இது ஏறத் தொடங்கிவிடும். சாப்பிடாமல் விட்டாலும் சற்று நேரத்தில் தானாக இறங்கும். பஸ்ஸில் மாட்டிக்கொண்ட நாளில் நாலு மணிப் பசி ஐந்தரைக்குக் காணாமல் போவது அதனால்தான்.

மதியச் சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். சோறு, ரசம், அப்பளம் என்றால் வயிறு விரியும், ஆனால் 'போதும்' என்ற செய்தி பலமாகப் போகாது. புரதமும் கொழுப்பும் சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்டால்தான் சிசிகே என்ற ஹார்மோன் நன்றாகச் சுரந்து, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குத் தகவல் சொல்லும். குடலின் கடைப்பகுதியிலிருந்து ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற ஹார்மோன்கள் இரண்டும் சேர்ந்துகொள்ளும். செய்தி முழுமையாகப் போய்ச்சேர ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவர் மறுசோறு கேட்பது இதனால்தான்.

செய்ய வேண்டியது: சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, வெந்த பட்டர் பீன்ஸோ அவரைக்கொட்டையோ ஒரு கிண்ணம் சேருங்கள். 200 மில்லி கிண்ணத்தில் சுமார் 12 கிராம் புரதம் கிடைக்கும். நாலு மணிக்கு வர்க்கியை ஒன்றோடு நிறுத்தி, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை மெல்லுங்கள். வர்க்கி மைதாவும் கொழுப்பும். டீயில் தோய்த்தால் மெல்லக்கூட வேண்டாம், எத்தனை உள்ளே போனது என்பதே தெரியாது. (அதன் ருசியே அதில்தான் என்பது வேறு விஷயம்.) நேரத்தை மாற்ற நினைத்தால் சில நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் தள்ளுங்கள். ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள் ராத்திரிச் சாப்பாட்டில் வட்டியும் முதலுமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கொடைக்கானல் வந்ததிலிருந்து அகோரப் பசி. உயரம் காரணமா? (கொடைக்கானல்)

இல்லை. மிக உயரமான இடங்களில் பசி மந்தமாகத்தான் செய்யும். கொடைக்கானலின் சுமார் 2,100 மீட்டர் அதற்குப் போதாது. குளிரும் ஏற்ற இறக்க நடையும்தான் காரணம். குளிரில் தாகமும் சரியாகத் தெரியாது. முதலில் ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துப் பாருங்கள்.

டீ பேக்டரியில் நைட் ஷிப்ட். விடிந்ததும் இனிப்பாகவும் காரமாகவும் தின்னத் தோன்றுகிறது. (கோத்தகிரி)

தூக்கக் கடன்தான். 2004இல் வெளியான ஒரு சிகாகோ ஆய்வில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். தாராளமாகத் தூங்கிய நாட்களோடு ஒப்பிட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் 28% கூடியிருந்தது. பசியை அடக்கும் லெப்டின் 18% குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் உங்கள் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. ஷிப்டுக்குப் போகும் முன்பே முழுச் சாப்பாட்டை முடியுங்கள். நடுராத்திரிக்கு அவித்த முட்டையோ சுண்டலோ போதும். காலையில் லேசாகச் சாப்பிட்டு, ஜன்னலை மறைத்துத் தூங்குங்கள்.

எட்டு கிலோ குறைத்தேன். இப்போது முன்னைவிடப் பசிக்கிறது. மனக்கட்டுப்பாடு போய்விட்டதா? (ஊட்டி)

மனதைத் திட்டாதீர்கள். லெப்டினைச் சுரப்பது கொழுப்புச் செல்கள். கொழுப்பு கரைந்தால் லெப்டினும் சரியும். மூளை அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்ளும். ஹைபோதலாமஸில் பசியைத் தூண்டும் நரம்பணுக்கள் ஓங்கும், அடக்குபவை ஒடுங்கும். எடை குறைத்தவர்களிடம் இந்த மாற்றம் ஒரு வருடம் கழித்தும் இருந்ததை 2011இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அப்படியானால் லெப்டின் ஊசி போடலாமே என்பீர்கள். உடல் பருத்த பெரும்பாலோருக்கு அது ஏற்கெனவே ஏராளம். மூளைதான் காதில் போட்டுக்கொள்வதில்லை. பிறவியிலேயே லெப்டின் இல்லாத மிகச் சிலருக்கே அந்த ஊசி நன்றாகக் கேட்கிறது. நீங்கள் இன்னும் குறைப்பதை ஆறு மாதம் ஒத்திவைத்து, இந்த எடையிலேயே நிற்கப் பாருங்கள்.

சர்க்கரைக்கு கிளிமெபிரைடு சாப்பிடுகிறேன். சில நாள் பதினொரு மணிக்குக் கை நடுங்கி, வியர்த்து, பசி எடுக்கிறது. (கூடலூர்)

இது மேலே சொன்ன பசிகளில் சேராது. சர்க்கரை இறங்குவதன் அறிகுறி. மீட்டரில் 70க்குக் கீழே இருந்தால், மீட்டர் கையில் இல்லாவிட்டாலும்கூட, மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடியுங்கள். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. சரியானதும் இட்லியோ ரொட்டியோ சாப்பிடுங்கள். அகார்போஸ் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை உடனே வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். நம் மலையில் பலர் இதற்கென்று ஹோம்மேட் சாக்லேட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள். அது உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். எந்த நாள், எத்தனை மணி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.