முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் வால்பாறை

ஊட்டி நெரிசல் வேண்டாம், அம்மாவால் ஏற்றம் ஏற முடியாது, கோவையிலிருந்து இரண்டு நாள் என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் வால்பாறைக்குப் போங்க.

பொள்ளாச்சியில் சாப்பிட்டுவிட்டு, ஆழியாறு அணையில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். அதற்கு மேல் 40 கொண்டை ஊசி வளைவுகள். அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள், தலைசுற்றல் குறையும். ஒன்பதாவது வளைவில் கட்டாயம் இறங்குங்கள். ஆழியாறு நீர்த்தேக்கம் முழுசாகக் கீழே விரியும். அந்தப் பக்கப் பாறைகளில் வரையாடுகளும் நிற்கும், எனக்கு அந்த இடம் அவ்வளவு பிடிக்கும்.

மறுநாள் காலையில் வால்பாறைக்குப் பக்கத்திலுள்ள புதுத்தோட்டம் தேயிலை எஸ்டேட். தேயிலைக்கு நடுவே சாலையோரமாக மெதுவாக நடந்தாலே போதும், சிங்கவால் குரங்குகள் கண்ணில் படலாம். தயவுசெய்து தீனி மட்டும் போடாதீர்கள். அப்புறம், இருட்டுவதற்குள் மலையிறங்கிவிடுங்கள், யானை நடமாட்டம் உண்டு.