ரோத்ஷில்ட் என்பது போர்வீரர் குலத்தின் பெயரா?

‘ரோத்ஷில்ட் என்றால் ஜெர்மன் மொழியில் செங்கேடயம் என்கிறார்களே, அவர்களுடைய முன்னோர்கள் போர்வீரர்களா? அந்தப் பெயர் கொண்டவர்கள் எல்லோரும் ஒரே குடும்பமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் என் பதில், ‘இல்லை’ என்பதுதான். ஐரோப்பாவின் புகழ்பெற்ற வங்கிக் குடும்பம் சுமக்கும் அது உண்மையில் ஒரு வீட்டின் பெயர். அந்தப் பெயரை உலகறியச் செய்த மனிதர் அந்த வீட்டில் ஒருநாள்கூடக் குடியிருந்ததில்லை என்பது கூடுதல் வேடிக்கை.

பிராங்க்பர்ட் நகரத்து யூதர்கள் 1462இல் ஒரே தெருவுக்குள் ஒதுக்கப்பட்டார்கள். யூடன்காஸெ, அதாவது யூதர் தெரு. சுமார் 330 மீட்டர் நீளம். அகலம் மூன்று, நான்கு மீட்டர்தான். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கிறிஸ்தவப் பண்டிகை நாள்களிலும் அதன் வாயில்களைப் பூட்டிவிடுவார்கள். ஜனம் பெருகப் பெருக, இருந்த மனைகளையே துண்டு போட்டார்கள், மாடிக்கு மேல் மாடி எழுப்பினார்கள், கொல்லைப்புறத்திலும் வீடு கட்டினார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 3,000 பேர் அதற்குள் அடைந்து கிடந்தார்கள்.

கதவிலக்கம் என்பதெல்லாம் பிற்காலத்து ஏற்பாடு. அதுவரை ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாளம்: சேவல், வாத்து, கப்பல், டிராகன், இப்படி. ஷில்ட் என்ற சொல் கேடயத்தையும் குறிக்கும், வாசலில் மாட்டும் பலகையையும் குறிக்கும். 1560களில் ஐசக் என்பவர் குடியேறிய வீட்டின் அடையாளம் சிவப்பு ஷில்ட். ஆகவே அவர் ‘செங்கேடய வீட்டு ஐசக்’. முகவரியும் பெயரும் ஒன்றேதான். வீடு மாறினால் பெயரும் மாறுவது அங்கே சகஜம்.

இந்தக் குடும்பத்தில் மட்டும் பெயர் மாறவில்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ‘ஹின்டர்ப்ஃபான்’ என்ற வீட்டுக்குப் போய்விட்டார்கள். ‘சட்டிக்குப் பின்னால்’ என்று அர்த்தம். சட்டி அடையாளம் கொண்ட வீட்டின் பின்கட்டு. வழக்கப்படி பெயரும் கூடவே மாறியிருந்தால், ஐரோப்பிய அரசர்கள் எல்லாம் திருவாளர் சட்டிக்குப்பின்னாலிடம் கடன் கேட்டு நின்றிருப்பார்கள். வங்கித் தொழிலைத் தொடங்கிய மாயர் அம்ஷெல் 1744இல் பிறந்தது அந்தப் பின்கட்டில்தான். கையில் காசு சேர்ந்ததும், 1780களில் அதே தெருவில் வசதியான வீடு ஒன்றை வாங்கினார். அதன் அடையாளம் பச்சைக் கேடயம்! சிவப்புப் பெயரோடு பச்சை வீட்டில் குடித்தனம். அது ஓர் இரட்டை வீடு. மறுபாதியின் பெயர் கப்பல். அங்கிருந்த குடும்பத்துக்கும் கப்பல் என்பதே பெயர், ஜெர்மனில் ஷிஃப். பின்னாளில் நியூயார்க்கில் பெரும் வங்கியாளராக விளங்கிய ஜேக்கப் ஷிஃப் அந்த வம்சம்தான்.

மாயர் அம்ஷெலின் ஐந்து மகன்களும் பிராங்க்பர்ட், வியன்னா, லண்டன், நேப்பிள்ஸ், பாரிஸ் என்று ஊருக்கொருவராக அமர்ந்து மாளிகை கட்டினார்கள். தாயார் கூட்லே மட்டும் பச்சைக் கேடய வீட்டை விட்டு நகரவே மறுத்துவிட்டார். 1849இல், தமது 95ஆம் வயதில், அங்கேயே காலமானார். எனக்கு இந்தக் குடும்பத்தில் மிகவும் பிடித்தவர் அந்த அம்மாள்தான்.

உங்கள் போர்வீரர் ஐயம் எங்கிருந்து முளைத்தது என்பதும் ஊகிக்கக்கூடியதே. 1822இல் ஆஸ்திரியப் பேரரசர் சகோதரர்களுக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். பிரபு என்றால் குலச்சின்னம் வேண்டுமே! நடுவில் ஒரு சிவப்புக் கேடயத்தை வைத்தார்கள். ஐந்து மகன்களைக் குறிக்க ஐந்து அம்புகளையும் சேர்த்தார்கள். வாசல் அடையாளம் அன்றுதான் போர்க்கோலம் பூண்டது. அந்தச் சின்னத்தை வைத்து ரகசியச் சங்கம், மறைபொருள் என்று இணையத்தில் கயிறு திரிப்பவர்கள் யூதர் தெருவின் வரலாற்றை ஒரு பக்கமாவது புரட்டியிருக்கலாம்.

பெயரில் உள்ள ‘த்’ பற்றி ஒரு வார்த்தை. சிவப்புக்கு உரிய ஜெர்மன் சொல்லைப் பழைய நாளில் ‘டிஹெச்’ (th) போட்டு எழுதினார்கள். 1901 எழுத்துச் சீர்திருத்தம் அந்த ‘ஹெச்’சை நீக்கிவிட்டது, குடும்பப் பெயர்களில் அது அப்படியே தங்கிவிட்டது. ஜெர்மானியர் வாயில் அது ‘ரோட்-ஷில்ட்’. நம் பத்திரிகைகளில் வரும் ‘ரோத்சைல்டு’ ஆங்கிலேயர் உச்சரிப்பின் வழி வந்தது.

யூதர் தெரு இன்று இல்லை. பச்சைக் கேடய வீடு 1944 குண்டுவீச்சில் அழிந்தது. 1987இல் கட்டடம் கட்டத் தோண்டியபோது பழைய வீடுகளின் அடித்தளங்கள் வெளிப்பட, பெரும் போராட்டத்துக்குப் பிறகு ஐந்து வீடுகளின் அடித்தளத்தை மட்டும் காப்பாற்றி அருங்காட்சியகத்துக்குள் வைத்தார்கள். அவற்றின் இடுக்கில் நடந்து பார்த்திருக்கிறேன். இதற்குள் ஒரு குடும்பம் எப்படிக் கைகால் நீட்டியது என்றுதான் தோன்றியது. பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் நடுகற்களிலும் வீட்டு அடையாளங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

இனி உறவு விஷயம். ஜெர்மனியில் இந்தப் பெயர் அப்படியொன்றும் அபூர்வமில்லை. பெரும்பாலோருக்கு வங்கிக் குடும்பத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதே தெருவின் கருங்கேடய வீட்டிலிருந்து வந்த பெயர் ஷ்வார்ட்ஷில்ட். கருந்துளைக் கணக்குக்கு வழி திறந்த இயற்பியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஷில்ட் 1873இல் பிராங்க்பர்ட்டில்தான் பிறந்தார். அவர் சிவப்புக் கேடயக்காரர்களின் பங்காளியா என்று தயவுசெய்து அடுத்த கேள்வி போடாதீர்கள்.