மூலிகைப் பட்டியலுக்கு அப்பால் என்ன எழுதுவது?

கொல்லிமலையில் இரண்டு மாதம் அலைந்து 60 மூலிகைகளைக் குறித்திருக்கிறீர்கள். உங்கள் ஆய்வு நெறியாளரோ ‘இது வெறும் பட்டியல், மானுடவியல் எங்கே?’ என்று கேட்டுவிட்டார் என்கிறீர்கள். மனம் தளர வேண்டாம், கேள்வி நியாயமானதுதான்.

நீனா எட்கின் என்ற மானுடவியலாளர் 1970களில் வட நைஜீரியாவில் ஹவுசா மக்களின் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். மருந்தை மட்டும் கேட்காமல் அன்றாடச் சாப்பாட்டையும் குறித்தார். மருந்துச் செடிகளில் பல, அவர்கள் குழம்பிலும் கிடந்தன! பிறகு ஹவாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியராகி, வாழ்நாள் முழுக்க இந்த இழையைத்தான் பிடித்துச் சென்றார்.

நீங்களும் திரும்பிப் போய் அடுப்படியில் உட்காருங்கள். தூதுவளையின் முள்ளை ஆய்ந்து, நெய்யில் வதக்கித் துவையல் அரைக்கும் பாட்டி அதை மருந்து என்றே சொல்லமாட்டார். ‘மூலிகை சொல்லுங்கள்’ என்று கேட்டால் உங்களுக்கு அது கிடைக்காது. யார் பறித்தது, எந்த மாதம், யாருக்குக் கொடுக்கக்கூடாது, எல்லாவற்றையும் எழுதுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு செடியிலும் பூவோடு ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி வையுங்கள். ஊரார் செடியை அழைக்கும் பெயரை மட்டும் நம்பினால் செடியே மாறிவிடும். சொன்னவர்களின் சம்மதத்தையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.