பிடரியில் மட்டும் ஏன் பரு கிளம்புகிறது?

கேள்வி: விரலில் மாட்டிக்கொள்ளும் மொட்டை ரேசர் வாங்கி, நானே தலையை மழிக்கப் பழகிவருகிறேன். உச்சந்தலை நன்றாக வருகிறது. பிடரியில் மட்டும் கீறல் விழுகிறது, மூன்றாம் நாள் சிவந்த பருக்கள் கிளம்புகின்றன. விற்றவரைக் கேட்டால், “ஆறு பிளேடு கார்ட்ரிட்ஜுக்கு மாறுங்கள், எங்கள் லோஷனையும் தடவுங்கள்” என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிளேடு கூடினால் பரு கூடத்தான் வாய்ப்பு. பல பிளேடு கார்ட்ரிட்ஜில் முன்னால் இருக்கும் பிளேடு முடியைச் சற்று இழுக்கும். அது உள்வாங்குவதற்குள் பின்னால் வருவது வெட்டும். மிச்ச முனை தோலுக்குக் கீழே போய்விடுகிறது. வளரும்போது நேராக வெளியே வராமல் பக்கவாட்டில் தோலைக் குத்தினால், அதுதான் நீங்கள் பார்க்கும் சிவந்த பரு. முடி சுருளாக இருந்தால் இன்னும் மோசம். ரேசரை மாற்ற வேண்டியதில்லை. இழுக்கும் திசையையும் அழுத்தத்தையும் மாற்றுங்கள்.

முதலில் திசை. மழித்த மறுநாள், குத்துமுடி முளைத்ததும், காய்ந்த தலையை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் அது முடியின் போக்கு, சொரசொரத்தால் எதிர்ப்போக்கு. உச்சியில் சுழியைச் சுற்றி முடி வட்டமாகப் படிந்திருக்கும். பிடரியில் பலருக்கு முடி கீழிருந்து மேலாகவோ, இரண்டு பக்கமிருந்தும் நடுவை நோக்கியோ வளரும். மேலிருந்து கீழே இழுப்பதுதான் சரி என்று நம்பி இழுப்பவர், அங்கே தெரியாமலே எதிர்ப்போக்கில் மழித்துக்கொண்டிருப்பார். உங்கள் விஷயத்திலும் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. தடவிப் பார்த்ததை ஒரு தாளில் அம்புக்குறியாகப் போட்டுக் கண்ணாடி பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

அடுத்தது அழுத்தம். கைப்பிடி ரேசரில் விரலுக்கும் பிளேடுக்கும் இடைவெளி உண்டு. உங்களுடையதில் விரல் பிளேடுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. கொடுக்கிற விசை முழுவதும் தோலில் இறங்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை தானாகவே அழுத்தும். பிளேடுக்கு முன்னால் தோல் சின்ன மடிப்பாகத் திரண்டு ஓடுவதை இன்னொரு கை விரலால் உணர முடிகிறதா? அப்படியானால் அழுத்தம் அதிகம். விரல் ரேசரை நகர்த்தினால் போதும். கீறல் விழுவது பெரும்பாலும் பின்மண்டை எலும்பு மேட்டுக்குக் கீழே, குழிவு தொடங்கும் இடத்தில்தான். முகவாயை நெஞ்சில் படும்படி குனியுங்கள், மடிப்பு விரியும். இன்னொரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, 2 அல்லது 3 சென்டிமீட்டருக்கு மேல் போகாத இழுப்புகளாக மழியுங்கள். ஒரே இடத்தில் நுரையில்லாமல் இரண்டாவது முறை இழுக்காதீர்கள்.

முடி 3 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் முதலில் மிஷினால் ஒட்ட வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கார்ட்ரிட்ஜ் அடைத்துக்கொள்ளும். பிறகு 3 முதல் 5 நிமிடம் வெந்நீர். நீர் ஊறிய முடி இளகிவிடும், வெட்ட விசை குறைவாகப் போதும். ஜெல் தடவி உச்சியில் தொடங்கி, பக்கவாட்டு, காதோரம் என்று வந்து, பிடரியைக் கடைசிக்கு வையுங்கள். அதற்கு ஊற நேரம் கிடைக்கும். மூன்று நான்கு இழுப்புக்கு ஒருமுறை பிளேடை அலசுங்கள். முடித்ததும் குளிர்ந்த நீர், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். வெயிலில் போனால் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன். லோஷன் வேலை அவ்வளவுதான்; விற்றவருடைய பாட்டிலில்தான் அது இருக்க வேண்டும் என்பதில்லை.

இனி விற்பனை. ரேசரை மலிவாகத் தள்ளிவிட்டு கார்ட்ரிட்ஜில் கறப்பது பழைய வித்தை. இரட்டை முனை பிளேடு எந்த நிறுவனத்துடையதானாலும் எந்த இரட்டை முனை ரேசரிலும் பொருந்தும். கார்ட்ரிட்ஜில் மட்டும் ஆளுக்கொரு கொக்கி, ஆளுக்கொரு அளவு. இதைப் பொதுவாக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த ஆளில்லை. பிளேடு எத்தனை ஷேவுக்கு வரும் என்பதைக்கூடப் பல உறைகளில் போடுவதில்லை. “தோல் மருத்துவரால் பரிசோதிக்கப்பட்டது” என்று மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும். யார், எத்தனை பேரிடம், எதைப் பரிசோதித்தார் என்று கேட்டால் பதில் வராது. மாதாமாதம் பிளேடு அனுப்பும் சந்தாவில் சேரும்முன் ரத்து செய்யும் வழியைத் தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் சேராதீர்கள். காணொளியில் புகழ்கிறவர் கொடுக்கும் இணைப்பை அழுத்தி நீங்கள் வாங்கினால் அவருக்குக் கமிஷன் போகிறதா என்றும் பாருங்கள். மலிவு என்று உறை பிரிந்த கார்ட்ரிட்ஜை வாங்கவே கூடாது: யாராவது பயன்படுத்தியதாக இருக்கலாம், ரத்தம் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். வீட்டுக்குள்ளும் ரேசரைப் பகிர வேண்டாம்.

அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 5 முதல் 7 ஷேவுக்கு ஒருமுறை பிளேடை மாற்றச் சொல்கிறது. தலையின் பரப்பு பெரிது, நீங்கள் 5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். முடியைப் பிடுங்குவதுபோல் இழுத்தால் அதற்கு முன்பே மாற்றலாம். மழுங்கிய பிளேடுதான் கையை அழுத்தவைக்கிறது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே சொன்னது சாதாரணப் பருவுக்கு. பிடரி முடிக்கோட்டை ஒட்டிக் கெட்டியான சிறு முண்டுகள் வருகின்றனவா, ஷேவை நிறுத்திய பிறகும் அடங்காமல் ஒன்றோடொன்று சேர்ந்து தழும்பாகின்றனவா, அந்த இடத்தில் முடி முளைப்பது நின்றுவிட்டதா? அது ஆக்னே கெலாய்டாலிஸ் என்ற நோயாக இருக்கலாம். பெயரில் ஆக்னே இருந்தாலும் முகப்பரு அல்ல. முகப்பருக் களிம்பு தடவிக் காலம் கடத்தாதீர்கள். சுருள்முடி ஆண்களுக்கு அதிகம் வரும், ஒட்ட மழிப்பது அதை வளர்க்கும். ஆரம்பத்தில் களிம்பு, மாத்திரையிலேயே கட்டுப்படுத்த வாய்ப்புண்டு. தழும்பு தடித்தபின் அறுவைவரை போகக்கூடும். கிள்ளாதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள், கெட்டியான காலரைத் தவிருங்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள். இந்த நோய் இருந்தால் எந்தப் போக்கில், எவ்வளவு மென்மையாக மழித்தாலும் பிடரிக்கு ரேசர் ஆகாது. தலை முழுக்க மொட்டையாக இருந்தாலும் அந்த நான்கு விரல் இடத்துக்கு மட்டும் ட்ரிம்மரைத் தோலில் ஒட்டாமல் பிடித்து ஓட்டுங்கள்.

சாதாரணப் பருவாக இருந்தாலும் அது முழுதாக அடங்கும்வரை பிடரியில் ட்ரிம்மர்தான். உச்சியை வழக்கம்போல் விரல் ரேசரால் மழித்துக்கொள்ளலாம்.