பேரனுக்குக் ‘குண்டு துளைக்காத’ புத்தகப் பை வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டில் தங்கியிருக்கிறேன். ஊரைச் சுற்றிப்போகும் நெடுஞ்சாலையில் கார்களை நோக்கி யாரோ மறைந்திருந்து சுடுகிறார்கள். பெட்ரோல் போடப் போகவே மருமகள் பயப்படுகிறாள். தெரிந்தவர் ஒருவர், ‘லெவல் 3ஏ’ முத்திரை போட்ட புத்தகப் பையை 300 டாலருக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஆறாவது படிக்கும் பேரனுக்கு வாங்கலாமா?
— ஒரு வாசகி

பதில்: வேண்டாம், அம்மா.

‘3ஏ’ என்பது கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு வைத்த தரம். அந்தச் சோதனையில் சுடும் .44 மேக்னம் தோட்டாவின் வேகம் நொடிக்குச் சுமார் 436 மீட்டர். ஒளிந்திருந்து தூரத்திலிருந்து சுடுகிறவன் பெரும்பாலும் ரைஃபிளைத்தான் எடுப்பான். 2002 அக்டோபரில் வாஷிங்டன் வட்டாரத்தில் மூன்று வாரங்களில் 10 பேரைக் கொன்று 3 பேரைக் காயப்படுத்திய இருவரிடமும் இருந்தது .223 ரைஃபிள். அந்தத் தோட்டா மெலிந்தது, கூரானது, நொடிக்கு 900 மீட்டரைத் தாண்டிப் பாயும். பைக்குள் தைத்திருக்கும் இழை அடுக்கை அது துளைத்துக்கொண்டு போய்விடும்.

முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தரங்களை வகுப்பது என்.ஐ.ஜே. எனப்படும், அமெரிக்க அரசின் தேசிய நீதி நிறுவனம். போலீஸார் உடம்பில் அணியும் கவசத்துக்குத்தான் அது சான்று தருகிறது. புத்தகப் பை எதற்கும் சான்று கொடுத்ததில்லை என்று அதுவே சொல்லியிருக்கிறது. ஆகவே பையில் ‘என்.ஐ.ஜே. சான்று பெற்றது’ என்று இருந்தால் அது பொய். கெட்டிக்கார வியாபாரி ‘என்.ஐ.ஜே. தரப்படி சோதித்தது’ என்று போடுவார். யார் சோதித்தது, எந்தத் தோட்டாவால், எத்தனை முறை என்று கேளுங்கள், பேச்சு மாறும். நம்மூரில் குக்கருக்கே ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அங்கே பிள்ளையின் முதுகில் மாட்டும் பைக்கு அப்படியொரு கட்டாயச் சான்று இல்லை.

தெரிந்தவர் மூலம் வரும் சரக்கில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பைக்குள் தைக்கும் இழை அடுக்குக்கு (மென்கவசம்) உற்பத்தியாளர் வழக்கமாகத் தரும் உத்தரவாதம் 5 வருடம். அது முடிந்த பழைய கவச அங்கியின் அடுக்கை உருவிப் பைக்குள் சொருகியிருந்தால் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஸைலான் என்ற இழை ஈரத்திலும் வெப்பத்திலும் வலுவிழப்பது தெரிந்து, 2005இல் என்.ஐ.ஜே. அதைத் தரப் பட்டியலிலிருந்தே நீக்கியது. அடுக்கின் மேல் தயாரித்த தேதியும் இழையின் பெயரும் இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

“அப்படியானால் கூடுதலாக ஒரு தகடு வைத்துத் தருகிறேன்” என்பார். இங்கேதான் ஒரு விதிவிலக்கு. ரைஃபிள் தோட்டாவைத் தடுக்கும் கடினத் தகடு உண்மையிலேயே இருக்கிறது. 10க்கு 12 அங்குலம் அளவுள்ள பீங்கான் தகட்டின் எடை இரண்டரை, மூன்று கிலோ வரும். பாடப் புத்தகங்களோடு அதையும் ஆறாவது படிக்கும் பையன் தினமும் சுமக்க வேண்டும். பையைத் தொப்பென்று கீழே போடாத பையன் உண்டா? பீங்கான் விரிசல் விட்டால் மேலே தெரியாது. எக்ஸ்ரே எடுத்துத்தான் பார்க்க வேண்டும். அத்தனையும் சரியாக இருந்தாலும் அது மறைப்பது முதுகில் ஒரு தாள் அகலம். வகுப்பு நேரத்தில் பையோ லாக்கரில் கிடக்கும். போலீஸ்காரருக்குப் பயன்படும் பொருள்தான், உங்கள் பேரனுக்கு இல்லை.

மருமகளின் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2002இல் இறந்த பத்துப் பேரில் நால்வர் விழுந்தது பெட்ரோல் பங்கில். அப்போது சில பங்குகளில் தார்ப்பாய் கட்டினார்கள். ஜனங்கள் குனிந்து பெட்ரோல் போட்டார்கள். வெளியே நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் காரியம். டேங்க் பாதியாகும்போதே நிரப்பட்டும், வேலை சீக்கிரம் முடியும். சாலைக்கும் தோப்புக்கும் எதிரே இல்லாமல், நடுவே கடைக் கட்டடம் மறைக்கும் பம்பைப் பிடிக்கட்டும். காரின் மறைவில் நின்றால் எஞ்சினும் முன்சக்கரமும் இருக்கும் பக்கம் நிற்க வேண்டும். கதவுத் தகரம் ரைஃபிளைத் தடுக்காது. பயந்துகொண்டு, பெட்ரோல் ஓடும்போது காருக்குள் ஏறி உட்காரக் கூடாது. இறங்கி வரும்போது உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம், பெட்ரோல் குழாயின் நுனியான நாஸிலைத் தொட்டதும் பொறியாகி, தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. தவறி உட்கார்ந்துவிட்டால், இறங்கியதும் முதலில் கார் உலோகத்தைத் தொட வேண்டும்.

ஓடும்போது கண்ணாடி வெடித்தால் பிரேக் போடவோ ஓரங்கட்டவோ வேண்டாம். அடுத்த வெளிவழியில் இறங்கி, வெளிச்சமும் ஆளும் இருக்கும் இடத்தில் நிறுத்தி, அவசர உதவி எண்ணான 911ஐ அழைக்க வேண்டும். சாலை எண், போன திசை, மைல் கல் எண், நேரம் ஆகியவற்றைச் சொன்னால் போதும். காரைக் கழுவாதீர்கள், ஓட்டைக்குள் விரலை விடாதீர்கள். 2015இல் ஃபீனிக்ஸ் நகர ஐ-10 நெடுஞ்சாலையில் இரண்டு வாரத்துக்குள் 11 முறை சூடு நடந்தது. கைதானவர் மேல் போட்ட வழக்கு, தோட்டாவை அவர் துப்பாக்கியோடு ஒப்பிட்ட சான்று எடுபடாமல், 2016இல் கைவிடப்பட்டது. காரில் கிடக்கும் துண்டு அவ்வளவு முக்கியம். “இலவசமாக மாற்றித் தருகிறேன், இங்கே கையெழுத்துப் போடுங்கள்” என்று வரும் கண்ணாடி ஏஜென்டை, போலீஸ் படம் எடுக்கும்வரை கிட்டே சேர்க்காதீர்கள். அந்தக் கையெழுத்தால் இன்சூரன்ஸ் உரிமை அவர் கைக்குப் போகலாம். மகனே நேரடியாகக் கம்பெனிக்குப் பேசட்டும். மோதல் அல்லாத சேதத்துக்கான ‘காம்ப்ரிஹென்சிவ்’ பிரிவில் கேட்க வேண்டும், மோதலுக்கான ‘கொலிஷன்’ பிரிவில் அல்ல.

வாட்ஸாப்பில் ‘இந்த வண்டிதான்’ என்று வருவதை யாருக்கும் அனுப்பாதீர்கள். 2002இல் ஊரே வெள்ளை வேனைத் தேடியது. கொலையாளிகள் இருந்ததோ பழைய நீல செவ்ரொலே கப்ரீஸ் காரில். அக்டோபர் 8ஆம் தேதி பால்டிமோர் போலீஸே அந்தக் காரில் தூங்கியவரை எழுப்பிப் பேசி அனுப்பிவிட்டது. வேன் இல்லையே! கடைசியில் சரியான நம்பர் பிளேட் வெளியே வந்த சில மணி நேரத்திலேயே, நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நின்ற காரைப் பார்த்த பொதுஜனம் போன் போட்டுப் பிடித்துக் கொடுத்தது.

பைக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால்: கிரெடிட் கார்டு என்றால், பில் வந்த 60 நாளுக்குள் கார்டு கம்பெனிக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்புங்கள். வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் ‘ஸெல்’ (Zelle) செயலியில் அனுப்பியிருந்தால் திரும்ப வருவது கஷ்டம், தெரிந்தவர் வீட்டுக்கே போய்க் கேளுங்கள்.