பட்டறை பதில்கள்: சென்னா ஓட்டிய காரா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 52. இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். இனியாவது ஒரு பழைய ரேஸ் கார் வாங்கி ஓட்டலாம் என்று ஆசை. வேன் டீமன் கம்பெனி 1981-ல் செய்த ஆர்எஃப்81 மாடல் ஃபார்முலா ஃபோர்டு (புது ஓட்டுநர்கள் பந்தயம் பழகும் ஒற்றை இருக்கைக் கார் வகை) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பிற்பாடு ஃபார்முலா ஒன் உலக சாம்பியனான பிரேசில்காரர் அயர்ட்டன் சென்னா ஓட்டியது என்று சொல்லி, அதே மாடல் மற்ற கார்களைவிட நாலு மடங்கு கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: காரை வாங்கலாம். கதையையும் சேர்த்து வாங்குவதென்றால் ஊரில் நிலம் வாங்குகிற மாதிரி வாங்குங்கள். தாய்ப்பத்திரத்தில் ஆரம்பித்து வில்லங்கம் வரை பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ்.

சென்னா 1981-ல் வேன் டீமன் கம்பெனி அணிக்காக ஓட்டி, இங்கிலாந்தின் இரண்டு ஃபார்முலா ஃபோர்டு பட்டங்களை ஜெயித்தது உண்மை. ஆனால் அந்த ஒரே வருடத்தில் அவர் ஒரே காரை ஓட்டவில்லை. கம்பெனியோ அந்த மாடலை வரிசையாகச் செய்து விற்றுக்கொண்டிருந்தது. அதனால் ‘ஆர்எஃப்81’ என்பது வீதியின் பெயர்தான், கதவு எண் இல்லை. உங்களுக்கு வேண்டியது கதவு எண்.

இங்கேதான் சிக்கல். சாலையில் ஓடும் காருக்கு அரசாங்கப் பதிவு உண்டு. பந்தயத்துக்கென்றே பிறந்து ரோட்டுக்கே வராத காருக்கு அப்படி எதுவும் கிடையாது. இருப்பது காரின் எலும்புக்கூடான இரும்புச் சட்டத்தில் (சேசிஸ்) ரிவெட் அடித்த, எண் போட்ட ஒரு சின்னத் தகடு. அதை ஒரு டிரில்லும் பத்து நிமிடமும் இருந்தால் கழற்றி வேறு காரில் அடித்துவிடலாம். ஆகவே விற்பவரிடம் கேளுங்கள்: கம்பெனி அணியிடமிருந்து இந்தக் காரை முதலில் வாங்கியது யார், அவரிடமிருந்து யார், எந்த வருடம், ரசீது எங்கே? 1981-க்கும் இன்றைக்கும் நடுவில் பத்து வருடம் விடுபட்டால் அந்தப் பத்து வருடத்தில் என்னவும் நடந்திருக்கலாம். அப்புறம் அந்தக் காலத்துப் புகைப்படங்கள். சட்டக் குழாயில் பிராக்கெட்டுகள் எங்கே பற்றவைத்திருக்கின்றன, ரோல் பாரின் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவு) தாங்குகம்பி எந்த இடத்தில் இறங்குகிறது என்று படத்தையும் காரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயிண்டைப் பார்க்கவே வேண்டாம். எந்த நிறப் பெயிண்டும் கடையில் கிடைக்கும். பழைய பத்திரிகைகளைப் புரட்டும்போது ‘டா சில்வா’ என்ற பெயரையும் தேடுங்கள். சென்னாவின் முழுப் பெயர் அயர்ட்டன் சென்னா டா சில்வா. அப்போது பலருக்கும் அவர் டா சில்வாதான்.

நான் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்துக்குப் பக்கம் ஒரு பட்டறையில் 22 வருடம் ஸ்பேனர் பிடித்தவன். ஒருமுறை 1970-ம் வருடத்து ஃபார்முலா ஃபோர்டு ஒன்று வந்தது. முழுவதும் பிரித்துக் கோத்து அனுப்பினோம். அடுத்த கோடையில் அதே சேசிஸ் எண்ணோடு இன்னொரு கார் வாசலில் நிற்கிறது! விசாரித்தால் யாரும் பொய் சொல்லவில்லை. 1973-ல் கார் அடிபட்டு, உரிமையாளர் புதுச் சட்டம் வாங்கி, பழைய தகட்டை அதில் அடித்துவிட்டார். வளைந்த சட்டம் யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. இருபது வருடம் கழித்து ஒருவர் அதை நிமிர்த்தி, அதன் மேல் ஒரு காரையே கட்டிவிட்டார். எது அசல்? இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ போடப் போய்விட்டேன்.

இதே கேள்வி லண்டன் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அது இந்த மாதிரி சக்கரம் வெளியே தெரியும் பந்தயக் கார் இல்லை, பென்ட்லி கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார். 1929, 1930 இரண்டு ஆண்டும் பிரான்சின் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த ‘ஓல்டு நம்பர் ஒன்’. ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்தபின், “இதில் ஜெயித்த காரின் பாகங்கள் எங்கே இருக்கின்றன?” என்று வாங்கியவர்கள் பின்வாங்கினார்கள். பாகங்கள் பெரும்பாலும் மாறியிருந்தன. ஆனால் ஒவ்வொன்றாக, காலப்போக்கில் மாறின. நடுவில் கார் எங்கேயும் இல்லாமல் போகவில்லை, எனவே அது அதே கார்தான் என்று 1990-ல் நீதிபதி ஓட்டன் தீர்ப்பளித்தார். அறுந்து போகாத சரித்திரம்தான் அங்கே ஜெயித்தது. ஃபார்முலா ஃபோர்டிலேயே அதற்கு அழகான உதாரணம் உண்டு: ‘மேஜிக் மெர்லின்’ என்று பெயர் வாங்கிய, மெர்லின் மார்க் 11ஏ மாடல் கார் ஒன்று. எமர்சன் ஃபிட்டிபால்டி ஓட்டினார், பிறகு காலின் வேண்டர்வெல், பிறகு ஜோடி ஷெக்டர். முதலாமவரும் மூன்றாமவரும் பின்னால் உலக சாம்பியன்கள்! அந்தக் காரின் புகழ் அது ஓடிக்கொண்டிருந்த நாளிலேயே வந்தது. விற்பதற்காகப் பிற்பாடு கண்டுபிடித்த புகழ் இல்லை.

காகிதம் சரியாக இருந்தால் அப்புறம் இரும்பைப் பார்க்கலாம். எஞ்சின் 1600 சிசி ஃபோர்டு கென்ட், கியர்பாக்ஸ் ஹ்யூலண்ட். இரண்டுக்கும் இன்றைக்கும் சாமான் கிடைக்கும், கை தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். பயப்பட வேண்டியது சட்டமும் சஸ்பென்ஷனும். விஷ்போன் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கை), ஸ்டப் ஆக்சில் (சக்கரம் சுழலும் சிறு அச்சு), ஸ்டியரிங் கைகள் எல்லாவற்றையும் கழற்றி விரிசல் சோதனைக்கு அனுப்புங்கள். பெட்ரோல் இருக்கும் ரப்பர் பைக்கு ஆயுள் தேதி உண்டு. அது தாண்டியிருந்தால் விலையில் கழியுங்கள். எந்த வகைப் போட்டியில் ஓட்டப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்து, அதை நடத்துகிறவர்களிடம் உங்கள் காரின் ஆண்டும் பாகங்களும் செல்லுமா என்று கேட்டுவிடுங்கள்.

நாலு மடங்கு விலைக்கு என் பதில்: காகிதம் இல்லையென்றால் ஒரு மடங்கு. அதற்கு மேல் ஒரு பென்னிகூடத் தராதீர்கள். சென்னா இல்லாமலும் அது நல்ல கார்.

கேள்வி: உலகத்திலேயே அதிக விலைக்குப் போன கிராண்ட் பிரி கார் எது?

பதில்: மெர்சிடிஸ் டபிள்யூ196. அர்ஜென்டினா ஓட்டுநர் ஃபாஞ்சியோ 1954-ல் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் ஜெயித்த ஒன்று, 2013-ல் குட்வுட் ஏலத்தில் சுமார் 1.96 கோடி பவுண்டுக்குப் போனது. பிறகு 2025 பிப்ரவரியில் ஸ்டுட்கார்ட்டில் இன்னொன்று 5 கோடி யூரோவைத் தாண்டியது. அதுவரை இண்டியானாபோலிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த கார் அது. இரண்டுமே மேலே சொன்ன பத்திரச் சோதனையில் தேறியவை. செய்த கம்பெனியின் ஏடுகளே சாட்சி.

கேள்வி: ஓட்டிப் பார்க்காமல் வாங்கலாமா? விற்பவர் சம்மதிக்கவில்லை.

பதில்: ஓட்டத் தராவிட்டாலும் உட்காரவாவது விடச் சொல்லுங்கள். ஷூவோடு, ஹெல்மெட்டோடு. உங்கள் முட்டி ஸ்டியரிங்கில் இடிக்கிறதா, மூன்று பெடலையும் தனித்தனியாக மிதிக்க முடிகிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்து ஓட்டுநர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள், ஒல்லிப்பிச்சான்கள். நான் ஒரு காரில் உட்கார்ந்துவிட்டு வெளியே வர இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது.